பதினாலாம் அத்தியாயத்து ஆள்

அந்தப் புஸ்தகத்தை மூடி வைங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க, பக்கத்து சீட்டு, கண்ணுல பட்டுச்சு, சொல்றேன். சிறுகதை எழுதறது எப்படின்னு போட்டிருக்கு இல்ல? அதை எழுதினவரை எனக்குத் தெரியும். மனுஷன் ஜென்மத்துல ஒரு சிறுகதை எழுதினதில்ல. எங்க பதிப்பகத்துல போட்டதுதான், அதான் தெரியும். நாலாவது பதிப்பு ஓடுது. கதைப் புஸ்தகம் போட்டா குடோன்ல கரையான் தின்னுது, கதை எழுதறது எப்படின்னு போட்டா பறக்குது. எல்லாரும் எழுதக் கத்துக்கறாங்க, எவனும் படிக்கறதில்ல. குமட்டிக்கிட்டு வருது எனக்கு.

சென்னைக்கா? நானும் சென்னைதான். தணிகாசலம்னு பேரு. பதிப்பகத்துல பொறுப்பாசிரியர். கேள்விப்பட்டிருப்பீங்களே, போன மாசம் ஒரு வாரப் பத்திரிகைல பேட்டி வந்துச்சு, பாதிப் பக்கத்துக்குப் படம் போட்டு. பாக்கலையா? சரி விடுங்க, இப்ப யாரு பத்திரிகை வாங்கறாங்க. உங்க ஊர்ல மழை உண்டா? ஆமாமா, எல்லா ஊர்லயும் அப்படித்தான் இருக்கு.

எழுதணும்னு ஆசை, ஏதாவது பதிப்பகத்துல வேலை கிடைச்சா நல்லதுன்னு போறீங்க. நீங்க சொல்ல வேணாம், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. இந்த மூஞ்சியை நான் வருஷா வருஷம் பாக்கறேன். மடியில பை, பைக்குள்ள ஃபைல், ஃபைலுக்குள்ள ஜெராக்ஸ் போட்ட கவிதை. இருங்க, இந்த ஆரஞ்சை உரிச்சுக்கறேன், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கினது. எனக்கு இந்த வெள்ளை நார் இருக்கக் கூடாது. ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் சாப்பிடுவேன், சின்ன வயசுல இருந்து வந்த பழக்கம். நீங்க பேசுங்க. இல்ல, நானே சொல்லிடறேன். பெரம்பலூர்ல எனக்கு ஒரு அவமானம் நடந்துச்சு, இன்னைக்குக் காலைலதான். அதை யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு இந்தப் பழம் இறங்காது.

பொங்கல் முடிஞ்சதும் எங்க பதிப்பகத்துல ஒரு விளம்பரம் குடுப்போம். உதவி ஆசிரியர் தேவை, எழுத்தார்வம் உள்ள இளைஞர்களுக்கு அரிய வாய்ப்பு. அந்த அரிய வாய்ப்புங்கற வார்த்தை நான் போட்டது. அது இல்லாத வருஷம் பத்துப் பேரு வந்தாங்க, போட்ட வருஷம் படிக்கட்டு வரைக்கும் நின்னாங்க. வர்றவங்களைப் பாத்தா அழறதா சிரிக்கறதான்னு தெரியாது. பேருக்கு முன்னாடி அவனே கவிஞர்னு போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான். அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஒருத்தி வருவா, அப்பாதான் பதில் சொல்வாரு. எனக்குச் சம்பளமே வேணாம் சார், புஸ்தக வாசனையில இருந்தா போதும்னு ஒருத்தன் சொன்னான். அருவருப்பா இருந்துச்சு தம்பி. மனுஷனுக்கு ஒரு மானம் வேணாம்? அவனை மட்டும் ரெண்டு வருஷம் வச்சுக்கிட்டோம்.

மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தேர்வு வைப்பேன். தேர்வுன்னா, ஒரு ஆங்கில நாவல்ல ஆளுக்கு ஒரு அத்தியாயம் குடுப்பேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தமிழ்ல கொண்டாங்க, பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே அத்தியாயத்தைக் குடுக்க மாட்டேன், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிடுவாங்க இல்லையா? அதனால ஆளுக்கு ஒண்ணு, வரிசையா. எல்லாம் வந்து சேந்தா ஒரு முழு நாவல் இருக்கும். அதைத் தூக்கியா போடறது? புஸ்தகமாப் போடுவோம்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? இதுல ஏமாத்து என்ன இருக்கு? ஒரு பய மொழிபெயர்ப்புக் கத்துக்கணும்னா வகுப்புல சேந்து பீஸ் கட்டணும். நாங்க சும்மா கத்துக் குடுக்கறோம். வேலை இருக்கா இல்லையான்னு கேட்டா, நல்ல ஆள் கிடைச்சா வேலையை உண்டாக்கிக்கலாம்னு முதலாளி சொல்லியிருக்காரு. இத்தனை வருஷத்துல நல்ல ஆள் கிடைக்கல, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? புஸ்தகத்துல மொழிபெயர்ப்பு தணிகாசலம்னு வரும். பின்ன யார் பேரைப் போடறது, முப்பது பேர் பேரையுமா? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். அதோட வேலையும் என்னுதுதானே. ஒருத்தன் கதாநாயகன் பேரை மார்ட்டின்னு எழுதியிருப்பான், ஒருத்தி மார்த்தீன்னு எழுதியிருப்பா, இன்னொருத்தன் வெளிநாட்டுப் பேரே வேணாம்னு மருதன்னு வச்சிருப்பான். கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாத்தையும் ஒரே பேரா மாத்தறது நான்தான். சாயங்காலம் வரைக்கும் ஆகும். முதுகு விட்டுப் போயிடும்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது ஒரு பழைய வெளிநாட்டு நாவல். எழுதினவர் செத்து நூறு வருஷம் ஆச்சு, யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். போர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தன் வேலை தேடி ஊர் ஊரா அலையறான். அதான் கதை. அதுல பதினாலாம் அத்தியாயம் பூங்கோதைங்கற பொண்ணுக்குப் போச்சு. பெரம்பலூர்ப் பொண்ணு, எம்.ஏ. ஆங்கிலம். முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. காலைல வந்துச்சு, எனக்கு வேலை இருந்துச்சு, மத்தியானம்தான் உள்ள கூப்பிட்டேன். நாற்காலி மேல புஸ்தகக் கட்டு இருந்ததால நின்னுக்கிட்டே பேசுச்சு. மத்தவங்க மாதிரி குழையல. என்னை நேராப் பாத்து, வேலை நிஜமாவே இருக்கா சார், அதை மட்டும் சொல்லுங்க, ஊர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிடறாங்க, நான் அதை விடலாமா கூடாதான்னு கேட்டுச்சு. எவ்வளவு திமிர் பாருங்க. திறமை இருந்தா வேலை தானா தேடி வரும்மான்னு சொல்லி அத்தியாயத்தைக் குடுத்து அனுப்பினேன்.

அனுப்பி வச்சுது. பக்கம் கொஞ்சம் அதிகமாத்தான் இருந்துச்சு. தமிழ்ல வந்தா நீளும், அது சகஜம். பேரையெல்லாம் மாத்தினேன், அச்சுக்கு அனுப்பினேன். படிச்சீங்களான்னு நீங்க கேக்கறது உங்க முகத்துலயே தெரியுது. தம்பி, ஹோட்டல் வச்சிருக்கறவன் எல்லா இட்லியையும் கடிச்சுப் பாக்கறானா? அப்புறம் அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. நான் எடுக்கல. பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு மெசேஜ் போட்டேன். மறுபடியும் பண்ணுச்சு. மறுபடியும் அதே மெசேஜ். அப்புறம் நின்னுபோச்சு. ஸ்கூல் வேலையும் போயிடுச்சுன்னு இப்பதான் தெரியும். யாரு விடச் சொன்னது? நான் சொன்னேனா?

புஸ்தக வெளியீடு தி.நகர்ல வச்சோம். கூட்டம் தம்பி, அப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல. எழுத்தார்வம் உள்ளோர் அனைவரும் வருகன்னு அழைப்பிதழ்ல போட்டிருந்தேன். தேர்வு எழுதினவங்க எல்லாம் வந்துட்டாங்க. தன் அத்தியாயம் வந்திருக்கான்னு பாக்கத்தான், வேறென்ன. ஆளுக்கு ஒரு புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு அவனவன் பக்கத்தைத் தேடிக்கிட்டு நின்னானுங்க. காசு குடுத்து வாங்கவும் வாங்கினானுங்க, அது வேற விஷயம். சிறப்பு விருந்தினர் ஒரு ரிடையர்டு பேராசிரியர். அவர் மேடையில ஏறி, இந்த நாவலோட உயிர் எந்த இடத்துல இருக்கு தெரியுமான்னு கேட்டுட்டு, பதினாலாம் அத்தியாயத்தைப் பிரிச்சு படிக்க ஆரம்பிச்சார்.

கதாநாயகன் வேலை கேட்டு ஒரு மில்லு ஆபீசுக்குப் போறான். உள்ள ஒரு மேனேஜர். அந்த மேனேஜர் எப்படிப்பட்ட ஆள்னா, வந்தவனை நிக்க வச்சுக்கிட்டு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரிக்கறான். நாரை ஒவ்வொண்ணா எடுத்து மேஜை மேல வரிசையா வைக்கறான். உங்க ஊர்ல மழை உண்டான்னு கேக்கறான், பதில் வர்றதுக்குள்ள அடுத்த பேச்சுக்குப் போயிடறான். தான் சின்ன வயசுல பட்ட கஷ்டத்தைச் சொல்றான். நின்னுக்கிட்டிருக்கறவன் காலைல இருந்து சாப்பிடல. ஒரு சுளையை நீட்டினா இவனுக்கு என்ன குறைஞ்சு போயிடும்னு நினைக்கிறான். மேனேஜர் கடைசிச் சுளையையும் வாயில போட்டுக்கிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, திறமை இருந்தா வேலை உன்னைத் தானா தேடி வரும்ங்கறான். எவ்வளவு அற்பமான பய பாருங்க. கேட்டுக்கிட்டிருந்த எனக்கே காறித் துப்பணும் போல இருந்துச்சு. அந்த வெளிநாட்டுக்காரன் நூறு வருஷத்துக்கு முந்தியே மனுஷங்களை எப்படிப் பாத்து வச்சிருக்கான்னு ஆச்சரியப்பட்டேன்.

அரங்கம் பூரா சிரிக்குது. பின்வரிசையில ஒருத்தன் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறான். நல்லா ரசிக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஏற்புரைக்கு நான் எழுந்தேன். மைக்கைப் பிடிச்சா எனக்கு ஒரு வேகம் வரும். அந்த மேனேஜரைத் தமிழுக்குக் கொண்டு வர்றதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்னேன். ஒவ்வொரு வரியையும் அடிச்சு அடிச்சு எழுதினேன்னேன். அந்த மேனேஜர் எங்கேயோ இல்ல, நம்ம நடுவுலதான் இருக்கான்னேன். அப்ப வந்தது பாருங்க கைதட்டல். நின்னபாடில்ல. எழுந்து நின்னு தட்டினானுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

நார் எல்லாம் உங்க பக்கம் விழுதா? தட்டி விட்டுடுங்க.

அதுக்கப்புறம் ஒரு காலேஜ் வாத்தியார் விமர்சனம் எழுதினார். ஆங்கிலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு படிக்கற ஜாதி. எல்லாத்தையும் விட எனக்கு அருவருப்பு அந்த ஜாதிதான். மூல நாவல்ல பதினாலாம் அத்தியாயத்துல அப்படி ஒரு மேனேஜரே கிடையாது, வேலை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்கன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு, இந்த ஆறு பக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டிருந்தார். ஒரு அறக்கட்டளையோட மொழிபெயர்ப்புப் பரிசு அந்த வருஷம் எங்க புஸ்தகத்துக்குத்தான்னு முடிவாகி இருந்துச்சு. அவங்களும் முதலாளிக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டாங்க. முதலாளி சிதம்பரநாதன் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் குடுங்க சார்னு சொல்லிட்டு வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, அந்த அத்தியாயத்தை முதல் தடவையா உக்காந்து படிச்சேன்.

படிச்சும் எனக்கு ஒண்ணும் புரியல, சத்தியமாச் சொல்றேன். இந்தப் பொண்ணு ஏன் இல்லாத ஆளைப் புகுத்தினா? பக்க வடிவமைப்பு பண்ற வசுமதியைக் கூப்பிட்டுக் கேட்டேன், இந்த மேனேஜர் யாரும்மா, உனக்கு ஏதாவது தெரியுதான்னு. அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, "சார், இது நீங்கதானே?" ன்னுச்சு. விளையாடாதேன்னேன். "இல்ல சார், ஆபீஸ்ல எல்லாருமே பேசிக்கிட்டோம். தன்னைத்தானே இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேணும்னு. உங்க மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சு சார்." என் மேல என்ன கோபம்னு நான் கேக்கல. அதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்தா வேலை நடக்குமா?

நீங்களே சொல்லுங்க தம்பி. ஆரஞ்சு யாருதான் சாப்பிடல? மழையைப் பத்தி யாருதான் கேக்கல? அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் எத்தனை பேருக்கு வாய்ப்புக் குடுத்திருக்கேன். வஞ்சம் தம்பி, சுத்தமான வஞ்சம். உக்கார நாற்காலி குடுக்கலைங்கறதுக்காக ஒருத்தனை இப்படியா எழுதி அச்சுல ஏத்தறது?

ஆனா என் நிலைமையை யோசிங்க. பூங்கோதைதான் எழுதினான்னு சொன்னா, மத்த அத்தியாயத்தை எல்லாம் யாரு எழுதினதுன்னு அடுத்த கேள்வி வரும். மேடையில நான்தான் அடிச்சு அடிச்சு எழுதினேன்னு வேற சொல்லியாச்சு. முதலாளி ரூமுக்குப் போனேன். ஆமா சார், நான்தான் புகுத்தினேன், என்னையே வச்சு எழுதினேன், மனசுல இருந்த பாரம் தாங்கலைன்னேன். அந்த மனுஷன் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அவர் யாரையும் கட்டிப் பிடிச்சு நான் பாத்ததில்ல.

பரிசு போச்சு. போகட்டும். ஆனா பேரு வந்துச்சு பாருங்க, அதான் வினை. தன்னையே தோலுரித்துக் காட்டிய மனிதர்னு அந்தப் பேட்டியில தலைப்பு. இளம் எழுத்தாளர் பயிற்சிப் பட்டறைன்னு எங்கே நடந்தாலும் என்னைக் கூப்பிடறாங்க. போய் நிக்கறேன். உங்களை நீங்களே ஒளிவு மறைவில்லாம எழுதுங்கங்கறேன். பயலுங்க குறிப்பு எடுக்கறானுங்க. எதைத்தான் எடுக்கறானுங்களோ. முதலாளிக்கு ஆசை அடங்கல. ஆறு பக்கத்துக்கே இப்படின்னா, அந்த ஆளை வச்சு ஒரு முழு நாவல் எழுதுங்க, வர்ற புஸ்தகக் கண்காட்சிக்குக் கொண்டாந்துடலாம்னுட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போஸ்டரே அடிச்சுட்டார். என் மூஞ்சி, கீழ தணிகாசலத்தின் முதல் நாவல். ஆபீஸ் வாசல்லயே ஒட்டியிருக்கு. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள போறேன். நாவல் வரலைன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இவன் எழுதினவனே இல்லைங்கறது அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போயிடும். இந்த வயசுல எனக்கு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்.

எழுதிப் பாத்தேன். ஒரு வரி வரல. சரி, நமக்குத் தெரிஞ்ச வழி இருக்கேன்னு விளம்பரம் குடுத்தேன். இந்தத் தடவை தேர்வுல மொழிபெயர்ப்பு இல்ல. அந்த மேனேஜரை வச்சு ஆளுக்குப் பத்துப் பக்கம் எழுதுங்கன்னேன். வந்து குவிஞ்சுது. குப்பை தம்பி. ஒருத்தன் அவனுக்குக் கொடுவாள் மீசை வச்சிருக்கான். ஒருத்தி அவனைக் கொலைகாரன் ஆக்கிட்டா. ஒருத்தன் கடைசியில மில்லுல தீ வச்சு அவனை எரிச்சுட்டான். யாருக்கும் அந்த ஆளைத் தெரியல. அவன் அவ்வளவு கெட்டவன் இல்லையே. எனக்குக் கோபமா வந்துச்சு, ஏன்னு தெரியல. அப்பத்தான் புரிஞ்சுது, அவனைத் தெரிஞ்சவ ஒருத்திதான்.

அதான் நேத்து கிளம்பி பெரம்பலூர் வந்தேன். மனுஷன் எவ்வளவு இறங்கி வர வேண்டியிருக்கு பாருங்க. வீட்டைத் தேடிப் பிடிச்சு இன்னைக்குக் காலைல போய் நின்னா, முன் அறையில பிள்ளைங்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கிட்டிருக்கா. என்னைப் பாத்தா. அடையாளம் தெரிஞ்சுது. உக்காருங்க சார்னு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு, பாடம் முடியற வரைக்கும் என் பக்கம் திரும்பல. அவ வீட்டுக்காரர் காபி கொண்டாந்து குடுத்தார். சர்க்கரை கம்மி.

பிள்ளைங்க போனதும் விஷயத்தைச் சொன்னேன். நடந்தது நடந்து போச்சும்மா, உன்கிட்ட திறமை இருக்கு, ஒரு அரிய வாய்ப்போட வந்திருக்கேன், அந்த ஆளை வச்சு ஒரு நாவல் எழுதிக் குடுன்னேன். புஸ்தகத்துல யார் பேரு சார் வரும்னு கேட்டா. நன்றியுரையில உன் பேரைக் கட்டாயம் போடறேன்மான்னேன். கோவப்படுவான்னு பாத்தேன். படல. அழுவான்னு பாத்தேன், அதுவும் இல்ல. அப்புறம் கேட்டா.

"அந்த ஆள் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போய் என்ன சார் பண்ணுவான்?"

எனக்கு எப்படித் தெரியும், எழுதறவ நீதானேன்னேன்.

"எனக்குத் தெரியாது சார். நான் அவனை ஆபீஸ்ல ஒரு மத்தியானம் பாத்ததோட சரி. அதுக்கு மேல தெரியாததால ஆறு பக்கத்தோட நின்னு போச்சு. அவன் வீட்டுக்குப் போறதைப் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. உண்மையா இருந்தா மீதியை நான் எழுதறேன், பேருகூட வேணாம். எழுதிக் கொண்டாங்க சார், பார்க்கலாம்."

பார்க்கலாமாம். எனக்கே தேர்வு வைக்கறா தம்பி. எத்தனை பேருக்குப் பரீட்சை வச்சவன் நான், பிள்ளைங்க புஸ்தகப் பையை மாட்டிக்கிட்டுப் போற இடத்துல உக்காத்தி வச்சு எனக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்றா. உடம்பெல்லாம் கூசிப் போச்சு. உலகம் எங்கே போய்க்கிட்டிருக்கு? எழுந்து வந்துட்டேன்.

வந்துட்டேன், ஆனா போஸ்டர் இருக்கே. பஸ் ஸ்டாண்டுல வெள்ளைத் தாள் வாங்கினேன், இதோ மடியில இருக்கு. பெரம்பலூர்ல இருந்து முயற்சி பண்ணிக்கிட்டு வர்றேன், ஒண்ணும் எழுத வரல. என்னத்தை எழுதறது? வீட்டுக்குப் போவேன். பூட்டைத் திறப்பேன். என் வீட்டுக்காரம்மா கோயம்புத்தூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. பேரன் பொறந்தப்ப போனா, அவன் இப்ப பள்ளிக்கூடம் போறான், வந்துடுவா. டிவியைப் போடுவேன், பாக்கறதுக்கு இல்ல, ஒரு சத்தத்துக்கு. மெஸ்ஸுல இருந்து வாங்கிட்டு வந்ததைத் தட்டுல வச்சுச் சாப்பிடுவேன். தட்டை அப்பவே கழுவி வச்சுடுவேன், இருக்கறது ஒரு ஆளுதானே. அப்புறம் சில நாள் கோயம்புத்தூருக்குப் போன் பண்ணுவேன். பேரன் எடுத்து யாருங்க பேசறதுன்னு கேப்பான். என்ன சொல்றதுன்னு ஒரு நிமிஷம் யோசிப்பேன், அதுக்குள்ள அம்மாகிட்ட குடுத்துடுவான். அவ்வளவுதான். விளக்கை அணைச்சுட்டுப் படுத்துடுவேன். இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு? இது ஒரு கதையா? இதை எவன் காசு குடுத்து வாங்கிப் படிப்பான்?

எதுக்கு இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? கேக்கறீங்களா இல்லையா?

ஒண்ணு பண்ணலாம் தம்பி. எனக்கு இப்பத்தான் தோணுது. நீங்க எழுதணும்னு வர்ற பையன். படிச்ச பையன். பதிப்பகத்துல வேலை தேடறீங்க, நான் பதிப்பகத்துலதான் இருக்கேன். இந்தாங்க தாள், பேனாவும் இருக்கு. தாம்பரம் வர்றதுக்குள்ள அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன பண்றான்னு ஒரு பக்கம் எழுதிடுங்க பார்க்கலாம். பேரு போட முடியாது, முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. ஆனா இந்த மாதிரி வாய்ப்பு பஸ்ஸுல போறவன் வர்றவனுக்கெல்லாம் கிடைக்காது. நல்லா இருந்தா முதலாளிகிட்டயே கூட்டிக்கிட்டுப் போறேன்.

கொஞ்சம் கம்பீரமா எழுதுங்க. அவன் வீட்டுக்குப் போனதும் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைங்க எல்லாம் ஓடி வருது, அவன் எல்லாருக்கும் உக்காந்து பாடம் சொல்லிக் குடுக்கறான், அந்த மாதிரி. அவளுக்கு உண்மை வேணுமாம், அதுல கொஞ்சம் உண்மை தெரியற மாதிரி இருந்தா போதும். நான் இப்ப சொன்னேன் பாருங்க, பூட்டு, டிவி, தட்டு, பேரன் யாருன்னு கேட்டது, அதை மட்டும் எழுதிடாதீங்க தம்பி. அது கதைக்கு ஆகாது.